எண் நம்முடையது, பேச்சு யாருடையது?

ஓசூரிலிருந்து ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். தினந்தோறும் தொழிலாளர்கள் அந்த எல்லையைக் கடந்து வேலைக்குப் போய் வருகிறார்கள். முன்பெல்லாம் எல்லைக்கு அப்பால் குடிபோகிறவன் இரண்டிலொரு தண்டனையை அடைந்தே தீரவேண்டும். பழைய கைபேசி எண்ணை வைத்துக்கொண்டு ரோமிங் கட்டணம் அழவேண்டும். அல்லது அந்த எண்ணையே தலைமுழுக வேண்டும். எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளும் பாத்தியதை 2011இல் நாடெங்கும் வந்தது. 2015 ஜூலையில் மாநில எல்லை தாண்டியும் அது செல்லும் என்றாயிற்று. கம்பெனிகள் கருணைகொண்டு கொடுத்தனவா? இல்லை. சர்க்கார் விதி செய்தது, கொடுத்தார்கள். அதனால் எந்தக் கம்பெனி குடிமுழுகிப் போய்விட்டது?

இப்போது நாம் கேட்பது ஒன்றுதான். எண் நம்முடையது என்றால், அந்த எண்ணை வைத்து நாம் எழுதுகிற எழுத்தும், அனுப்புகிற படமும், சேர்த்து வைத்த கூட்டமும் யாருடையவை?

ஷிப்டு மாற்றமா, அறை வாடகையா, பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தியா, எல்லாம் இன்று வாட்ஸ்அப் குழுவில்தான். பிடிக்காவிட்டால் வேறு செயலிக்குப் போகலாமே, யார் தடுத்தார்கள் என்கிறார்கள். போகலாம், ஆனால் தனியாகத்தான் போகவேண்டும். ஒருவனை ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு ஒரே கம்பெனியின் உள்வேலையில் நேர்ந்த பிசகால் பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகமெங்கும் நின்றன. ஒருவன் வீட்டு விளக்கு அணைந்தால் ஊரே இருட்டாவது எப்பேர்ப்பட்ட ஏற்பாடு?

ஏழைத் தொழிலாளிக்குத்தான் இக்கதி என்று எண்ணவேண்டாம். குஜராத்தில் பெரிய எண்ணெய் ஆலை நடத்தும் நயாரா கம்பெனிக்கு 2025 ஜூலையில் மைக்ரோசாப்ட் தன் சேவையை நிறுத்திவிட்டது. காரணம், ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை. பணம் கட்டியிருக்கிறோம் என்று சொல்லி டில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிறகுதான் சேவை திரும்பிற்று. கோடீசுவரனுக்கே இந்த யோக்கியதை என்றால், போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டரும் ஓசூரில் ஐபோன் உறுப்பும் செய்கிற நம் பெண்களின் நிலை என்ன? பண்டம் அவர்கள் கைவேலை. அதற்குள் ஓடும் மென்பொருளைத் திறந்து பார்க்க அவர்களுக்கும் உரிமையில்லை, வாங்கினவனுக்கும் உரிமையில்லை!

காசில்லாமல் கிடைக்கிறதே என்பார்கள். எலிப்பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லும் இனாம்தான்.

வேறு வழி நடக்காது என்பது பொய். மின்னஞ்சலைப் பாருங்கள். ஒரு கம்பெனியில் கணக்கு வைத்திருப்பவன் இன்னொரு கம்பெனிக்காரனுக்குத் தாராளமாக எழுதுகிறான். விதி பொது, தபால்காரன்தான் வேறு. 2016இல் வந்த மாஸ்டடானும் அப்படியே. யார் வேண்டுமானாலும் தம் சொந்தக் கணினியில் அதை நடத்தலாம், மற்றவர்களோடு பேசலாம். மென்பொருளைப் படிக்கவும், திருத்தவும், பகிரவும் அதை உபயோகிப்பவனுக்கு உரிமை வேண்டுமென்று ஸ்டால்மன் 1983இலேயே வேலை தொடங்கினார்.

நம் நாட்டுச் சங்கதியைக் கேளுங்கள். 2019ஆம் வருஷத்து மசோதாவில், தன் தகவலைத் தானே எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் உரிமை எழுதப்பட்டிருந்தது. 2023இல் சட்டமாக வந்தபோது அது காணோம்! நம் தகவலைத் திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். மூட்டை கட்டிக்கொண்டு மட்டும் போகமுடியாது. ஐரோப்பாவிலோ அவ்வுரிமை 2018 முதல் அமலில் இருக்கிறது. பெரிய செய்திக் கம்பெனிகள் மற்றச் செயலிகளுக்கும் கதவு திறக்கவேண்டுமென்று 2022இல் தனிச் சட்டமும் செய்தார்கள். அங்குள்ளவனுக்கு உள்ள மானம் நமக்கு இல்லையா?

ஆகையால் தோழர்களே, உங்கள் படங்களுக்கும் கடிதங்களுக்கும் ஒரு பிரதி உங்களிடமே இருக்கட்டும். சங்கத்தின் அங்கத்தினர் பட்டியலை ஒரு கம்பெனியின் குழுவை மட்டும் நம்பி விடாதீர்கள். அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ரோட்டையும் தண்ணீரையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "எண்ணை எடுத்துப்போகச் சட்டம் இருக்கிறதே, எழுத்தை எடுத்துப்போகச் சட்டம் எங்கே?"