உயிர் உரம் கடையிலேயே சாகலாமா?

சவுக்கைப் பற்றி வடசென்னை வணிகர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கிங்காம் கால்வாயில் படகு ஓடிய காலத்தில், பழவேற்காடு பக்கமிருந்து வந்த விறகில்தான் பட்டணத்து அடுப்புகள் எரிந்தன. இன்று விறகடுப்பு ஓய்ந்துவிட்டது. ஆனாலும் கட்டடச் சாரத்துக்கும், பந்தல் காலுக்கும், காகித ஆலைக்கும் சவுக்கு போய்க்கொண்டுதான் இருக்கிறது. நாலைந்து ஆண்டுகளில் வெட்டிக் காசாக்கக் கூடிய மரம் என்பதால் விவசாயிகளும் அதை விடுவதில்லை.

வெறும் கடற்கரை மணலில் இந்த மரம் எப்படி இப்படி வளர்கிறது? விடை வேரில் இருக்கிறது. சவுக்கு வேரைத் தோண்டிப் பார்த்தால் கொத்துக் கொத்தாக முடிச்சுகள் தெரியும். அவற்றுக்குள் குடியிருப்பது ஃபிராங்கியா என்னும் பாக்டீரியா. சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த ஃபிராங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியல் அறிஞரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்த இனத்தைச் செடியிலிருந்து பிரித்துத் தனியே வளர்த்துக் காட்ட 1978 வரை ஆயிற்று.

அதன் வேலை என்ன? காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். ஆனால் எந்த மரமும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. நம் மணலியில் 1971-ல் உற்பத்தி தொடங்கிய உர ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்க இப்படிப்பட்ட ஆலைகளில் 400 டிகிரிக்கு மேல் சூடும், நூறு மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் வேண்டும். அதே வேலையைச் சவுக்கு வேரிலுள்ள பாக்டீரியா சாதாரண மண் சூட்டில் சத்தமில்லாமல் செய்கிறது. மரம் அதற்குச் சர்க்கரையைக் கொடுக்கிறது. அது மரத்துக்குத் தழைச்சத்தைக் கொடுக்கிறது. பங்காளிகள் ஏமாற்றாத கூட்டு வியாபாரம் என்றால் இதுதான்.

முன்பெல்லாம் நாற்றங்கால்காரர்கள் பழைய சவுக்குத் தோப்பு மண்ணைக் கூடையில் அள்ளிவந்து பாத்தியில் கலப்பார்கள். பாக்டீரியா தானாக வந்துவிடும். இன்றைய முறை வேறு. 1988-ல் கோயமுத்தூரில் அமைந்த வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் நல்ல சவுக்கு ரகங்களைத் தந்திருக்கிறது. அவற்றைக் கிளைத்துண்டு மூலம், தேங்காய் நார்க் கழிவு போன்ற சுத்தமான ஊடகத்தில் வேர்விட வைக்கிறார்கள். அதில் தோப்பு மண் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. நாம்தான் சேர்க்க வேண்டும். அந்த நிறுவனமே கிளைத்துண்டு நாற்றுகளுக்கு ஃபிராங்கியா கொடுத்து நல்ல வளர்ச்சி கண்டிருக்கிறது. இதோடு அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்களும் நாற்றங்காலுக்குப் போகின்றன. இவை நம் உரக்கடைகளில் 200 கிராம் பொட்டலங்களாக விற்கின்றன. இங்கேதான் நம் கடமை தொடங்குகிறது.

யூரியா மூட்டை கிடங்கில் ஆறு மாதம் கிடந்தாலும், நனையாமல் இருந்தால் யூரியாதான். உயிர் உரம் அப்படியல்ல. பால் போல, அது உயிருள்ள சரக்கு. உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர் உரங்கள் 2006-ல் சேர்க்கப்பட்டன. அதன்படி தூள் வகையில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். ஆலையிலிருந்து புறப்படும்போது அவ்வளவும் இருக்கலாம். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ், பூச்சி மருந்து டப்பாக்களுக்கு நடுவில் இரண்டு மாதம் கிடந்தபின் எத்தனை மிஞ்சும்?

மிளகாயைக் கையில் எடுத்தால் தரம் தெரியும். எண்ணெயை முகர்ந்தால் தெரியும். இந்தப் பொட்டலத்தில் உயிருள்ளதும் செத்ததும் ஒரே கறுப்புத் தூள்தான். வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. மரம் மெலிந்து நின்றால் விவசாயி மழையைக் குறை சொல்வார், விதியை நொந்துகொள்வார், கடைக்காரரைக் கேட்கமாட்டார். கேட்க ஆளில்லாத இடத்தில்தான் வணிகனின் நாணயம் பரிசோதிக்கப்படுகிறது. அவர் இழப்பது சில ரூபாய்ப் பொட்டலத்தை அல்ல. நான்கு ஆண்டு உழைப்பை. மெலிந்த கழி மண்டிக்கு வந்தால் நஷ்டம் நமக்கும்தான்.

அதே சமயம் சில்லறைக் கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. காலாவதியான பொட்டலத்தைத் தயாரிப்பாளர் திரும்ப எடுத்துக்கொள்ளாவிட்டால், அந்த நஷ்டம் முழுவதும் கடைக்காரர் தலையில்தான் விழும். அப்போது பழைய பொட்டலத்தை முன்வரிசையில் வைக்கும் ஆசை வராதா? ரொட்டி, பிஸ்கட் சரக்கைத் திரும்பப் பெறும் வழக்கம் இருக்கும்போது, உயிருள்ள இந்தச் சரக்குக்கும் அது ஏன் இருக்கக் கூடாது? நம் சங்கம் தயாரிப்பாளர்களுடன் பேசி இதை எழுத்துப்பூர்வமாகப் பெற வேண்டும் என்பது நம் கோரிக்கை.

அதுவரை நம்மால் ஆனதைச் செய்வோம். ஐப்பசி, கார்த்திகை நடவுக்கு முன் தேவைக்கு மட்டும் தருவிப்போம். லாரியில் வெயில் படாமல் மூடி அனுப்புவோம். ரசாயன உரமும் மருந்தும் இல்லாத குளிர்ந்த தட்டில் வைப்போம். விற்கும்போது காலாவதித் தேதியை வாங்குகிறவருக்குக் காட்டுவோம். சவுக்குக்கு அளவுக்கு மிஞ்சி யூரியா போட்டால் வேர்முடிச்சு குறைந்துவிடும் என்பதையும் ஒரு வார்த்தை சொல்வோம். யூரியா விற்பனை சற்றுக் குறையலாம், குறையட்டும். 'இதைப் போட்டால் இரண்டே ஆண்டில் மரம்' என்ற வாய்ஜாலம் மட்டும் வேண்டாம். தண்ணீரும் பராமரிப்பும் இல்லாத நிலத்தில் எந்த பாக்டீரியாவும் மரம் வளர்த்துத் தராது.

கண்ணுக்குத் தெரியாத உயிர் மண்ணுக்கடியில் தன் பங்கைச் சரியாகச் செய்கிறது. அது மண்ணைச் சென்றடையும் வரை அதைக் காப்பாற்றுவது நம் பங்கு.