கடவுள் என்ன கணக்குப்பிள்ளையா?

நான் படிப்பது பி.காம். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்றுதான் கண்ணில் படும். அது என் தலையெழுத்து. ஆனால் நம்ம ஊர் பக்திமான்கள் எல்லாம் எந்தக் காலேஜில் பி.காம் முடித்தார்கள் என்பதுதான் புரியவில்லை.

சாமியைப் பற்றி நாம் பேசுகிற பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். புண்ணியம் சேர்க்கிறோம். பாவத்தைத் தீர்க்கிறோம். போன ஜென்மத்து பாக்கியை இந்த ஜென்மத்தில் கட்டுகிறோம். மேலே சித்திரகுப்தன் பேரேட்டோடு உட்கார்ந்திருக்கிறார். லூக்கா பசியோலி இரட்டைப் பதிவு முறையை விளக்கி வெனிஸில் புத்தகம் போட்டது 1494-இல். சித்திரகுப்தன் அவருக்கும் சீனியர் போலிருக்கிறது!

வெறும் பேச்சுதானே, இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. எங்கள் உறவில் ஒரு அத்தை, நான்கு வயதுப் பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். துக்கம் கேட்க வந்த ஒரு பெரியவர், "எல்லாம் பூர்வஜென்மக் கணக்கும்மா, தீர்ந்ததுன்னு நினைச்சுக்கோ" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆறுதல் சொல்லத்தான் வந்தார். அவர் கையில் இருந்த மொழி அவ்வளவுதான். அத்தையோ அதன்பிறகு பார்க்கிறவர்களிடம் எல்லாம், "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளையை இழந்தவர் தலையில் குற்றவாளிப் பட்டத்தையும் கட்டியாயிற்று.

நான் சொல்வது இதுதான். பாவம், புண்ணியம், அருள், பக்தி ஆகிய சொற்களுக்கெல்லாம் அன்பிலிருந்து பொருள் எடுக்க வேண்டும். அன்புள்ள ஒருவர் வாயில் வரமுடியாத எதையும் கடவுள் வாயில் திணிக்கக்கூடாது.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. பக்தி என்ற சொல்லின் வடமொழி வேரான 'பஜ்' என்பதற்கே பங்கிடுதல், பங்குகொள்ளுதல் என்று பொருள். (ஷேர் மார்க்கெட் பங்கு அல்ல, ஒரே இலையில் பகிர்ந்து சாப்பிடுகிற பங்கு.) பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் கண்ணப்பர் ஆகமம் படித்தவரா? எச்சில் இறைச்சியைப் படைத்தார். சட்டப்படி அது அபசாரம். சிவனோ, முறைப்படி பூசை செய்த சிவகோசரியாரிடம், அந்த வேடனின் அன்பைப் பார் என்று காட்டுகிறார். 8-ஆம் நூற்றாண்டில் பாஸ்ராவில் வாழ்ந்த சூஃபி ஞானி ராபியாவும் நரக பயத்தாலோ சொர்க்க ஆசையாலோ இறைவனை வணங்க மறுத்தவர். லாபமும் வேண்டாம், நஷ்ட பயமும் வேண்டாம் என்றால் பேரேட்டில் எழுத என்ன மிச்சம்?

"பயம் போய்விட்டால் எவனும் ஒழுங்காக இருக்கமாட்டான்" என்று சிலர் வருவார்கள். அப்படியா? பயந்தவன் லஞ்சம் வாங்கி உண்டியலில் பாதியைப் போட்டுக் கணக்கை நேர் செய்துகொள்கிறான். கணக்கு மொழி அவனுக்கு எவ்வளவு வசதி பாருங்கள். அன்பு அப்படி விடாது. பிறர் வயிற்றில் அடித்துவிட்டு நேசிக்கிறேன் என்று சொல்லமுடியாது.

இன்னொரு கேள்வியும் வரும். பிள்ளைக்கு உடம்பு சரியாகணும் என்று தீ மிதிக்கிற தாய் செய்வதும் வியாபாரமா? இல்லவே இல்லை. அவளுக்காக அவள் எதுவும் கேட்கவில்லை. நேர்த்திக்கடன் என்று பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது பாசம். என் சண்டை அவளோடு அல்ல. அவள் பிள்ளை பிழைக்காவிட்டால் "உன் வேண்டுதலில் குறை" என்று சொல்ல வருகிறார்களே, அவர்களோடு.

எங்கள் பாடப்புத்தகத்தில் பற்று என்றால் டெபிட். தமிழில் பற்று என்றால் அன்பும்தான். துக்க வீட்டுக்குப் போகும்போது இரண்டாவது அர்த்தத்தை எடுத்துப் போங்கள். அதுவும் வரவில்லை என்றால், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.