கோட்டாவா, மார்க்கா?

கரையான்சாவடி, பூந்தமல்லி பக்கம் ப்ளஸ் டூ முடிக்கிற விளையாட்டுப் பசங்களுக்கு வருஷா வருஷம் இதே குழப்பம்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டான்னா ஃபீஸ் கிடையாதுன்னு பலர் நினைக்கிறாங்க. பொறியியல் கலந்தாய்வுல விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் இருக்கு. ஆனா அது சீட்டுக்குத்தான், ஃபீஸுக்கு இல்லை. ஃபீஸைத் தள்ளுபடி பண்றது சில தனியார் காலேஜ்கள். அங்கே பெரும்பாலும் டீம்ல இருக்கிற வரைக்கும்தான் மரியாதை. முட்டி போச்சுன்னா? அமெரிக்கக் காலேஜ்கள்லகூட 1973லிருந்து 2012 வரைக்கும் ஸ்காலர்ஷிப் ஒவ்வொரு வருஷமாத்தான். கோச் நினைச்சா அடுத்த வருஷம் கிடையாது.

என் கட்சி இதுதான்: வீட்டுல ஃபீஸ் கட்ட முடியும்னா மார்க்குல சேருங்க, அப்புறம் டீம் செலக்‌ஷனுக்குப் போங்க. முடியாதுன்னா ஸ்காலர்ஷிப்பைத் தாராளமா எடுத்துக்கோங்க. ஆனா அடிபட்டாலும் சலுகை தொடரும்னு முதல் நாளே எழுதி வாங்கிடுங்க மக்களே.