திம்னாவின் வழக்கு எங்கே போயிற்று?

சென்ற விடுமுறையில் என் பேரன் ஒரு வண்ணப் படக்கதை நூலை ஏந்தி வந்தான். சிங்கமும் எருதும் நட்புக் கொள்கின்றன. நரி கோள் மூட்டுகிறது. சிங்கம் எருதைக் கொன்றுவிடுகிறது. அத்துடன் நூல் முடிந்தது. "நன்னா, நரியை யாரும் ஒன்றும் கேட்கவில்லையா?" என்றான்.

நியாயமான கேள்வி. இதே கேள்வி 8ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ உள்ளத்திலும் எழுந்திருக்க வேண்டும். பஹ்லவி மொழியிலிருந்து அவர் அரபுக்குக் கொணர்ந்த 'கலீலா வ திம்னா'வின் மூலம் நம் நாட்டுப் பஞ்சதந்திரம். அங்கே சூழ்ச்சிக்கார நரி தண்டனையின்றித் தப்புகிறது. அரபு நூலிலோ திம்னாவின் விசாரணை என்று தனி அத்தியாயமே உண்டு. அவரே அதைச் சேர்த்தார் என்பது அறிஞர் பலரின் கருத்து.

அந்த அத்தியாயம்தான் எத்துணை நயமானது! குற்றவாளி திம்னாதான் என்பதைச் சிறுத்தையின் வாயிலாகச் சிங்கத்தின் தாய் அறிந்துவிடுகிறாள். ஆயினும் சந்தேகத்தின் பேரில் தண்டனை இல்லை. திம்னா அவையில் நின்று நாவன்மையோடு வாதாடுகிறது. முடிவில் சிறுத்தை சாட்சி சொல்கிறது. சிறையில் கலீலாவும் திம்னாவும் பேசியதைக் கேட்ட மற்றொரு விலங்கும் சாட்சி சொல்கிறது. முன்னரே ஏன் வரவில்லை என்று வினவியபோது, ஒருவர் சாட்சியத்தால் தீர்ப்பு நிலைபெறாது என்பதே விடை. அதன் பின்னரே தண்டனை.

படம் போடுவதை நான் குறை கூறவில்லை. விலங்குகளை வண்ண உருவங்களில் காட்டுவதும் இந்நூலின் நோக்கங்களுள் ஒன்றென அதன் முன்னுரையே பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டு ஓவியப் பிரதிகள் இன்றும் உள்ளன. எளிமைப்படுத்துவதும் புதிதன்று; அக்பரின் விருப்பப்படி அபுல் ஃபஸ்ல் 1588இல் பாரசீகத்தில் இதனை எளிய நடையில் எழுதினார்.

சுருக்குவோர் எதை வெட்டுகிறார்கள் என்பதே என் கவலை. பேரன் கொணர்ந்த நூலில் சண்டைக்கு மட்டும் நான்கு பக்கங்கள், இரத்தச் சிவப்பில்! வழக்குக்கு ஒரு கட்டம்கூட இல்லை. பிள்ளைகளுக்கு நீதிமன்றம் சலிப்பூட்டும் என்று பதிப்பாளர் எண்ணினார் போலும்.

அன்றிரவு எஞ்சிய கதையை நானே சொன்னேன். மறுநாள் காலை, நூலின் பின்னட்டை உட்புறத்தில் சிறுத்தையொன்றைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தான். அதன் அருகே இன்னொரு விலங்கு. என்ன விலங்கென்று எனக்கு விளங்கவில்லை. "இரண்டாவது சாட்சி, நன்னா" என்றான்.