சிறுவர்க்குக் கதை நூல் தேர்ந்து கொடுப்பார் யார்?

நம் நாட்டில் பாஷாபிமானத்துக்குக் குறைவில்லை. தமிழின் தொன்மையைப் பேசாத மேடை இல்லை. தமிழ் வாழ்க என்று முழங்காத ஊர்வலம் இல்லை. ஆனால் அவ்வாறு முழங்குகிற கனவான் ஒருவரை அணுகி, “தங்கள் வீட்டில் 14 வயதுப் பிள்ளை இருக்கிறானே, பாடப் புத்தகம் நீங்கலாகச் சென்ற வருஷத்தில் அவன் வாசித்த தமிழ்க் கதை நூல் யாது?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். சிலர் காலத்தின் கோலத்தை நொந்துகொள்வார்கள். சிலர் கைத்தொலைபேசியின் மீது பழி போடுவார்கள். வேறு சிலர், தமிழில் சிறுவர்க்கேற்ற கதை நூல்கள் எங்கே இருக்கின்றன என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க விரும்புகிறோம். நூல்கள் இல்லை என்பது உண்மையல்ல. இருக்கின்ற நூல்களை வாசித்து, இது இந்த வயதுக்கு ஏற்றது, இது இந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும் என்று அறிந்து கையில் எடுத்துக் கொடுப்பார் இல்லை என்பதே உண்மை. ஆகவே குறை நூல்களிடத்தில் இல்லை. பெரியவர்களாகிய நம்மிடத்தில் இருக்கிறது.

முன்னாளில் இந்த வேலையைச் செய்வதற்கு ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் பாட்டி இருந்தாள். அவளுக்கு எழுத்து வாசனை இல்லாவிடினும், எந்தப் பேரனுக்கு எந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு சிறுவர் பத்திரிகைகள் வந்தன. 1947-ஆம் வருஷத்தில் சென்னையிலிருந்து ‘அம்புலிமாமா’ வெளிவரத் தொடங்கிற்று. அடுத்து வந்த காலத்தில் புதுக்கோட்டை போன்ற ஊரிலிருந்தே பல சிறுவர் பத்திரிகைகள் புறப்பட்டன. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றிற்று. அதன் உயிர்நாடியாக விளங்கிய அழ. வள்ளியப்பா பாட்டும் கதையும் எழுதியதோடு நில்லாமல், எழுதுவோர் பலரை ஊக்கிவிட்டார். 1972-இல் ‘கோகுலம்’ தொடங்கப்பெற்றது. வாண்டுமாமாவின் ‘பூந்தளிர்’ இதழுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற சிறுவர்கள் இன்று நரைத்த தலையோடு நம்மிடையே இருக்கிறார்கள். இப்பத்திரிகைகளின் ஆசிரியர்கள் வெறும் ஆசிரியர்களாக மட்டும் இருக்கவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எதை வாசிக்கலாம் என்று மாதந்தோறும் தேர்ந்து கொடுத்த காரியஸ்தர்களாகவும் அவர்களே இருந்தார்கள். இப்போது இப்பத்திரிகைகள் அச்சில் வருவது நின்றுவிட்டது. பாட்டியோ தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறாள். அவர்கள் விட்டுச் சென்ற ஸ்தானம் காலியாகவே கிடக்கிறது.

மற்ற தேசங்களில் இந்த ஸ்தானத்தை நூலகர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கென்று ‘நியூபெரி பதக்கம்’ ஒன்று உண்டு. அது 1922-இல் முதன்முதலாக வழங்கப்பட்டது. அதற்குரிய நூலைத் தேர்ந்தெடுப்பவர்கள் நூலகர்களே. நம் சாகித்திய அக்காதெமி சிறுவர் இலக்கியத்துக்காக ‘பால சாகித்திய புரஸ்கார்’ அளிக்கத் தொடங்கியது 2010-இல். அதாவது 88 வருஷங்களுக்குப் பின்னர். தாமதமாகவேனும் தொடங்கியதற்காக நாம் மகிழ வேண்டியதுதான். ஆனால் பரிசு பெற்ற நூல்களின் பெயர்களையாவது நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கதை வாசிப்பதே வீண்வேலை என்று எண்ணும் பெற்றோர் பலர் இருக்கிறார்கள். பரீட்சையில் கதையைப் பற்றியா கேட்கப் போகிறார்கள் என்பது அவர்கள் வாதம். இது மிகக் குறுகிய நோக்கு. கதையின் மூலமாக ஒரு பிள்ளை தன் வீட்டுக்கு வெளியே உள்ள மனிதரின் உள்ளத்துக்குள் முதன்முதலாகப் பிரவேசிக்கிறான். தான் ஒருநாளும் பட்டினி கிடந்திராத போதும், கதையில் வரும் ஆட்டிடையச் சிறுவனின் பசியை உணர்கிறான். தன் ஜாதியல்லாதவன், தன் மதமல்லாதவன், தன் ஊரல்லாதவன் ஆகியோரின் துக்கத்தை அரை மணி நேரமாவது தன் துக்கமாகச் சுமக்கிறான். நாளைக்கு ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்கப் போகிற பிரஜைக்கு இதைவிட அவசியமான பயிற்சி வேறு என்ன இருக்கிறது? பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள அன்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம். பிறன் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கத் தெரியாத சந்ததிக்கு எத்தனை பிரசங்கம் செய்தாலும் சமத்துவம் என்பது ஒரு சொல்லாகவே நின்றுவிடும்.

வேறு சிலரோ கதையை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு நீதி வாக்கியம் இருந்தாக வேண்டும் என்று வற்புறுத்துவார்கள். நமது சிறுவர் நூல்கள் பலவற்றைச் சுவையற்றவையாகச் செய்தது இந்தக் கொள்கையே. மருந்தைச் சர்க்கரையில் ஒளித்துக் கொடுப்பதைக் குழந்தை ஒரு தரம் பொறுத்துக்கொள்ளும். மறுதரம் சர்க்கரையைக் கண்டாலே ஓடிவிடும். 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய ‘பரமார்த்த குரு கதை’யைப் பாருங்கள். ஆற்றைக் கடந்த பின்னர் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி, ஒருவர் குறைகிறார் என்று அழுகின்ற அந்தக் குருவையும் சீடர்களையும் கண்டு சிரிக்காத பிள்ளை இல்லை. அவர்களுடைய மூடத்தனத்தை அங்கே யாரும் விளக்கவில்லை. பிள்ளை தானே கண்டுகொள்கிறான். அவ்வாறு தானே கண்டுகொண்டதுதான் மனத்தில் நிலைக்கும்.

இனி நூல்களுக்கு வருவோம். 8 வயது முதல் 11 வயது வரையில் உள்ளவர்களுக்குச் சிரிப்பும் விந்தையும் நிறைந்த கதைகளே முதலில் வேண்டும். மேற்சொன்ன பரமார்த்த குருவோடு, தெனாலிராமன் கதைகளையும் விக்கிரமாதித்தன் கதைகளையும் நல்ல பதிப்பாகத் தேடிக் கொடுக்கலாம். வள்ளியப்பாவின் ‘நீலா மாலா’ சிறுவர்க்கென்றே எழுதப்பட்ட நாவல். பிரெஞ்சு ஆசிரியர் செந்த் எக்சுபெரி 1943-இல் வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’ தமிழில் கிடைக்கிறது. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் அதனைப் பிரெஞ்சிலிருந்து நேராகப் பெயர்த்தார்கள். அதைப் பிள்ளை ஒரு விதமாகவும் தகப்பனார் வேறு விதமாகவும் வாசிப்பார்கள். ஆதலால் இருவரும் சேர்ந்து வாசிப்பதற்கு மிகவும் ஏற்றது.

12 வயதை எட்டியவர்களுக்கு நிகழ்ச்சிப் பெருக்கும் தூரதேசமும் வேண்டும். ஜெயமோகன் ஒரு நாளிதழின் சிறுவர் பகுதியில் தொடராக எழுதிய ‘பனிமனிதன்’ அவர்களை இமயத்துக்கு அழைத்துச் செல்லும். 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடி நாகரிகத்தைச் சிறுவர்க்குரிய நாவலாகச் செய்திருக்கிறது. கீழடியைப் பற்றி மேடையில் உரத்துப் பேசுவோர் அந்நூலின் பிரதி ஒன்றை வீட்டுக்கு வாங்கிச் செல்வது பொருத்தமான காரியமாகும். கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடிக் காடெங்கும் திரிகிற கரிசல் பூமிச் சிறுவனின் கதை. பட்டணத்துப் பிள்ளைகள் கண்ணால் காணாத பறவைகளின் தமிழ்ப் பெயர்களை அதில் அறிவார்கள்.

இந்த வயதில்தான் பெரியோர்கள் அஞ்சுகிற விஷயங்களும் குறுக்கிடுகின்றன. 2020-ஆம் வருஷத்துப் புரஸ்காரத்தைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ ஒரு சிறுமிக்குப் பெரியவர் ஒருவரால் நேரும் தகாத தொல்லையைப் பற்றியது. இப்படிப்பட்டதையா குழந்தைகளிடம் கொடுப்பது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நமது விடை இதுதான்: அந்தத் தொல்லை வீட்டு வாசலைத் தாண்டி வருவதற்கு எந்த நூலையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. அதை எதிர்கொள்ளவும், வாய் திறந்து சொல்லவும் குழந்தைக்குத் தைரியம் வேண்டும். அத்தைரியத்தை அளிப்பதற்குக் கதையைப் போன்ற மெல்லிய சாதனம் வேறில்லை. நூலை மறைத்து வைப்பதனால் குழந்தை காப்பாற்றப்படுவதில்லை, தனித்து விடப்படுகிறது.

14 வயதுக்கு மேல்தான் உண்மையான பள்ளம் இருக்கிறது. குழந்தைக் கதை அவர்களுக்குச் சலித்துவிட்டது. பெரியோர் நாவல்களுக்குள் நுழைய வழிகாட்டுவார் இல்லை. அமெரிக்காவில் எஸ். இ. ஹிண்டன் என்னும் பெண்மணி, தாம் பள்ளி மாணவியாய் இருந்தபோதே, தம் வயதினர் படும் பாட்டை நாவலாக எழுதினார். ‘தி அவுட்சைடர்ஸ்’ என்னும் அந்நூல் 1967-இல் வெளியாயிற்று. அது முதற்கொண்டு அவ்வயதினர்க்குரிய இலக்கியம் அந்நாட்டில் வேகமாகப் பெருகிற்று. தமிழில் அவ்வித நூல்கள் இன்னும் சொற்பமே. ஆகையால் நம் பிள்ளைகள் இந்த வயதில் ஆங்கில நாவல்களுக்குப் போய்விடுகிறார்கள். ஆங்கிலத்தில் வாசிப்பது தவறன்று. தமிழுக்கு அவர்கள் திரும்பி வராமல் போவதே நஷ்டம்.

ஆனால் தமிழ் நாவல்களில் இவ்வயதினர் துணிந்து நுழையக்கூடிய வாசல்கள் இல்லாமல் இல்லை. 1950 முதல் 1954 வரையில் தொடராக வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 5 பாகங்கள் கொண்டது. எனினும் வீர நாராயண ஏரிக் கரையில் குதிரை மீது வரும் வந்தியத்தேவனைச் சந்தித்த பிள்ளை பக்கங்களை எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமை ஆகிவிட்டமையால் மலிவுப் பதிப்புக்களும் கிடைக்கின்றன. நீண்ட நூலைக் கண்டு மலைப்பவனுக்கு 1959-இல் வெளியான சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ உண்டு. தன் தந்தையின் உயிரைக் கொண்ட காளையை அடக்க வரும் மகனின் கதை அது. ஒரே மாலைப்பொழுதில் வாசித்து முடிக்கலாம். 16 வயதானவர்களுக்குப் பூமணியின் ‘வெக்கை’யைக் கொடுக்கலாம். 1982-இல் வெளியான அந்நாவலின் நாயகனே 15 வயதுச் சிறுவன்தான். அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்டுத் தகப்பனோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். 17 வயதினர்க்கு அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’. 1947-48-இல் ஹைதராபாத் சமஸ்தானம் பட்ட அவஸ்தையை, செகந்திராபாத்தில் கிரிக்கெட் ஆடித் திரிந்த ஒரு மாணவனின் கண் வழியே அது காட்டுகிறது. மதப் பகைமையைப் பற்றி ஆயிரம் உபந்நியாசம் செய்ய முடியாததை அந்நாவலின் இறுதிப் பக்கங்கள் செய்துவிடும்.

இவற்றுள் கொலையும் துயரமும் அநீதியும் வருகின்றனவே என்று கேட்கலாம். வரத்தான் செய்கின்றன. மகாபாரதத்தில் வராத கொலையா, அநீதியா? அதை நம் முன்னோர் குழந்தைகளுக்குச் சொல்லாமலா இருந்தார்கள்? கவனிக்க வேண்டியது கொடுமை வருகிறதா என்பதன்று. ஆசிரியர் அதை ருசித்து எழுதியிருக்கிறாரா, அல்லது நாம் அதனால் வருந்துமாறு எழுதியிருக்கிறாரா என்பதே. இந்தப் பேதத்தை அறிவதற்கு ஒரே உபாயம் பெரியவர்கள் அந்நூலை முதலில் தாமே வாசிப்பது. தாம் வாசியாத நூலைச் சிபாரிசு செய்வதும், தாம் வாசியாத நூலைத் தடுப்பதும் சமமான குற்றங்கள் என்பது நமது அபிப்பிராயம்.

சிபாரிசு செய்வதிலும் ஒரு முறை இருக்கிறது. கட்டளையிடலாகாது. இரண்டு மூன்று நூல்களைக் கண்ணில் படும்படி வைத்து, பிள்ளையே ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி விட வேண்டும். 30 பக்கம் வாசித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று மூடி வைத்தால் கோபிக்கக் கூடாது. வாசித்து முடித்தவுடன் கதைச் சுருக்கம் எழுதச் சொல்லிப் பள்ளிக்கூடமாக்கவும் கூடாது. எந்தப் பாத்திரம் மனத்துக்குப் பிடித்தது என்று உணவு வேளையில் கேட்டாலே போதும்; மற்றதை அவன் தானே சொல்வான்.

நூல் வாங்கப் பணம் இல்லாதவர்களைப் பற்றியும் சிந்திப்போம். 1948-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்பட்டு வருகிறது. 2010-இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் சிறுவர்க்கெனத் தனிப் பகுதிகளோடு திறக்கப்பட்டன. அவை பாராட்டுக்குரியவை. ஆனால் ஒரு கிராமத்துப் பிள்ளையின் வாழ்க்கை சென்னையிலும் மதுரையிலும் நிர்ணயிக்கப்படுவதில்லை. அவன் ஊர்க் கிளை நூலகத்தில் நிர்ணயிக்கப்படுகிறது. ஆகவே பொதுநலத் தொண்டர்கள் தத்தம் ஊர் நூலகத்துக்குச் சென்று, 13 முதல் 17 வயது வரையில் உள்ளவர்களுக்கென்று கதை நூல் அலமாரி தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் கேட்க வேண்டும். வரி செலுத்துகிறவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. நூலகரும் பள்ளித் தமிழாசிரியரும் சேர்ந்து, தாம் வாசித்த 20 நூல்களின் பெயர்களைக் கையால் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டினாலும் பெரும் பயன் விளையும். மாணவர்களே அதன் கீழே தங்கள் சிபாரிசையும் எழுதும்படி இடம் விடுவது இன்னும் நல்லது. ஒரு சிறுவனின் வாக்கை மற்றொரு சிறுவன் நம்புவது போல் நம் வாக்கை நம்ப மாட்டான்.

ஒரு பாஷை கல்வெட்டினாலும் ஏட்டினாலும் மாத்திரம் ஜீவித்திருப்பதில்லை. இரவில் விளக்கை அணைக்கச் சொல்லித் தாய் அதட்டும்போது, இன்னும் இரண்டு பக்கம் என்று கெஞ்சுகிற பிள்ளைகளாலேயே அது ஜீவித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அவ்விதம் கெஞ்சுகிற பிள்ளைகள் பெருக வேண்டுமானால், இந்த வாரமே நம்மில் ஒவ்வொருவரும் ஒரு கதை நூலைத் தாம் முதலில் வாசித்து, பிறகு ஒரு பிள்ளையின் கையில் கொடுப்போமாக.