அல்லற் பொழுதில் ஆடல்

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாயைக் கடப்போர் நெஞ்சம் சற்றேனும் நடுங்காமல் இராது. பாரம் ஏற்றிய லாரிகள் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்செல்லும் வண்டிகள்மீது மோதுவதும், உயிர்கள் மாய்வதும் அங்கே பன்முறை நிகழ்ந்துள்ளன. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நேர்ந்த கோர விபத்துகளை நாடு எளிதில் மறக்காது.

ஒருமுறை நம் மாணவர்களுடன் தருமபுரி சென்று மீள்கையில், அக்கணவாயில் நேர்ந்த விபத்தினால் நம் பேருந்து இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக நின்றது. முன்னால் நேர்ந்ததைக் கேள்வியுற்ற மாணவர்கள் வாயடைத்துப் போயினர். அவ்வேளையில் சாலையோரத்தே இரண்டு லாரி ஓட்டுநர்கள் கரித்துண்டால் தரையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டோம். 3 கூழாங்கற்கள் புலிகள். 15 புளியங்கொட்டைகள் ஆடுகள். பந்தயம் ஏதுமில்லை. "இந்த நேரத்தில் விளையாட்டா?" என்று மாணவர் ஒருவர் சினந்தார். மூத்த ஓட்டுநர் பொறுமையாகச் சொன்னார்: "கை சும்மா இருந்தா மனசு அதையே நெனச்சுக்கிட்டு இருக்கும் தம்பி. இன்னும் பெங்களூருக்கும் மதுரைக்கும் இதே ரோட்டுலதானே நாங்க ஓட்டணும்?" சிறிது நேரத்தில், சினந்த அம்மாணவரே ஆடுகளின் பக்கம் அமர்ந்து காய் நகர்த்தலானார்.

துன்ப வேளையில் விளையாடுவது தகுமா என்னும் வினா அன்று தொட்டு நம் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார். அவ்வுவகை துன்பம் நீங்கிய உவகை என்றும் குறித்தார். துன்பம் நீங்கிய பின்னரே விளையாட்டு என்று இதற்குப் பொருள் கொள்வோர் உளர். விளையாடுவதனால் துன்பம் நீங்குகிறது என்று கொள்வதே வாழ்வுக்குப் பொருந்தும் என்பது நம் கருத்து. இதற்குச் சான்று கடல் கடந்த ஒரு தமிழ் மண்ணில் உள்ளது.

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டம் 1990ஆம் ஆண்டில் குருதியில் நனைந்தது. காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது நின்ற முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். சத்துருக்கொண்டானில் தமிழர் கொல்லப்பட்டனர். அண்டை ஊரார் ஒருவரையொருவர் அஞ்சினர். போர் ஓய்ந்திராத 1996ஆம் ஆண்டில், கனடா நாட்டுக் கலைஞர் பால் ஹோகன், இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகம் ஆகியோர் முயற்சியால் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தோன்றியது. தமிழ்ச் சிற்றூர்ப் பிள்ளைகளும் முஸ்லிம் சிற்றூர்ப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாக வந்தனர்; களிமண் பிசைந்தனர்; ஓவியம் தீட்டினர்; கதை புனைந்து நாடகம் ஆடினர். போர் முடிந்ததோ 2009இல்தான். அமைதி வரட்டும், பிறகு விளையாடலாம் என்று காத்திருந்தால் அப்பிள்ளைகளின் இளமை முழுதும் அச்சத்திலேயே கழிந்திருக்கும்.

நம் மார்க்கமும் இதற்கு வழிகாட்டுகிறது. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர், தாம் வளர்த்த நுகைர் என்னும் சிறுபறவை இறந்தமையால் வாடியிருந்தார். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அச்சிறுவரிடம் நீண்ட அறிவுரை கூறவில்லை. உமைர், நுகைர் என ஒலி இயைய அமைத்து, பறவை என்னவாயிற்று என அன்புடன் வினவினார்கள். இயைபுத் தொடை கற்கும் மாணவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். துயருற்ற குழந்தைக்குச் சொல் விளையாட்டே ஆறுதலாயிற்று.

விளையாட்டு எல்லாத் துயருக்கும் மருந்து என்று நாம் கூறவில்லை. கணவாய்ச் சாலையைச் செம்மைப்படுத்துவது அரசின் கடமை. அதற்கு ஆடுபுலி ஆட்டம் மாற்றாகாது. கைப்பேசித் திரையில் பிறர் ஆடுவதை நள்ளிரவுவரை பார்த்திருப்பதும் நாம் கூறும் விளையாட்டன்று. கையாலோ சொல்லாலோ ஒன்றை ஆக்குவதும், அருகில் இருப்பவரை அதில் சேர்த்துக்கொள்வதுமே நாம் போற்றும் விளையாட்டு.

தேர்வில் தவறிய மாணவரும், தந்தையை இழந்த மாணவரும், கல்லூரிக் கட்டணத்திற்குக் கலங்கும் மாணவரும் நம் வகுப்பறைகளில் அமைதியாக அமர்ந்திருக்கின்றனர். அவர்களை நோக்கி, "விளையாட்டை விட்டுப் படி" என்னும் ஒன்றையே நாம் சொல்லி வருகிறோம். போட்டி வைத்தாலும் பரிசு வென்றவர் மகிழ, ஏனையோர் மேலும் சோர்கின்றனர்.

ஆதலின், ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். வாரத்தில் ஒரு மணி நேரம் மாணவர்க்கு ஒதுக்குவோம். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடட்டும்; விடுகதை புனையட்டும்; களிமண்ணில் உருச்செய்யட்டும்; ஆடுபுலி ஆட்டமும் ஆடட்டும். மதிப்பெண், பரிசு, சான்றிதழ் எதுவும் அந்நேரத்தில் வேண்டா. மூத்தோரும் உடன் அமர்ந்து ஆடுதல் நன்று.

தொப்பூரில் அன்று வழி திறந்தபோது, ஓட்டுநர்கள் காய்களைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வண்டி ஏறினர். இறக்கத்தை நோக்கிய அவர்தம் முகங்களில் நிதானம் இருந்தது. நம் மாணவர்க்கும் அந்நிதானம் வாய்க்க வழி செய்வோமாக!