நம் ஊர்ச் சட்டியும் தொலைதூரப் பலகையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



நம் மத்ரஸாவில் சில பிள்ளைகள் திருக்குர்ஆனை ஓதி முடித்தனர். அவர்களுக்கு விருந்தளிப்பது குறித்துப் பெற்றோர் கூடிப் பேசியபோது ஒரு குரல் ஓங்கி ஒலித்தது: "வேலூருக்கு அழைத்துச் சென்று பீட்சா வாங்கிக் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும், சுத்தமாகவும் இருக்கும்." ஆண்டுதோறும் நம் நிகாஹ் வலீமாக்களுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் அடுப்பெரித்த பண்டாரி ஒருவர் அதே வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அவரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அந்த மறதியைக் கண்டித்தே இதனை எழுதுகிறோம்.

உணவு விஷயத்தில் நம் சமுதாயம் ஒரே ஒரு கேள்வியோடு நின்றுவிட்டது: "ஹலாலா?" பலகையில் அச்சொல் இருந்தால் போதும், உள்ளே நுழைந்துவிடுகிறோம். ஆனால் அல்லாஹ் தன் திருமறையில் ஹலாலோடு தய்யிபையும் இணைத்தே கூறுகிறான். தய்யிப் என்பது தூய்மையானது, நல்லது. பிராணி எவ்வாறு அறுக்கப்பட்டது என்பதோடு நம் விசாரணை முடிந்துவிடாது. அதனைச் சமைத்தவருக்கு உரிய கூலி கிடைத்ததா, அது தூய்மையாகச் சமைக்கப்பட்டதா, நாம் கொடுத்த காசு எங்கே போய்ச் சேர்கிறது என்பனவும் ஓர் இறைநம்பிக்கையாளன் கேட்க வேண்டிய கேள்விகளே.

காசு போகும் வழியைச் சற்றுப் பார்ப்போம். ஆம்பூர்ப் பாணியில் ஒரு சட்டி பிரியாணி இறக்க வேண்டுமானால் சீரகச் சம்பா வேண்டும். ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் வேண்டும். காலையில் அறுத்த ஆட்டிறைச்சி வேண்டும். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயும் தயிரும் வெங்காயமும் வேண்டும். பரிமாற வாழையிலை வேண்டும். வாழைத்தோப்புகள் சூழ்ந்த படவேட்டில் இலைக்கா பஞ்சம்? அரிசி மண்டிக்காரர், கசாப்புக்கடைக்காரர், காய்கறி விற்கும் அம்மா, இலை அறுக்கும் தொழிலாளி, பாத்திரம் துலக்குபவர் என்று ஒரு சட்டியைச் சுற்றிப் பத்துக் குடும்பங்களின் ரிஸ்க் இருக்கிறது. அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு, முஸ்லிமல்லாத அண்டைவீட்டாரும் உண்டு. குழம்பு வைத்தால் சற்று நீரைக் கூட்டியேனும் அண்டைவீட்டாருக்குக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழருக்கு அறிவுறுத்தினார்கள். அந்த அறிவுரையின் கடைத்தெரு வடிவமே உள்ளூர் உணவகம்.

சங்கிலித்தொடர் கடையில் நிலைமை வேறு. தென்னிந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்தும் நிறுவனம் மும்பையில் இருக்கிறது. டொமினோஸ் கடைகளை நடத்தும் நிறுவனம் நொய்டாவில் இருக்கிறது. விற்பனையில் ஒரு பங்கு பெயருக்கான உரிமத்தொகையாகக் கடல் கடந்து போகிறது. கோழியும் மாவும் பாலாடைக்கட்டியும் நிறுவனம் ஒப்பந்தம் செய்த பெரிய ஆலைகளிலிருந்து வருகின்றன. நம் ஊருக்கு மிஞ்சுவது சில இளைஞர்களின் சம்பளமும் கடை வாடகையும் மட்டுமே. அந்தச் சம்பளமும் நம் பிள்ளைகளின் உழைப்புக்கான கூலிதான்; அதனை இழிவாகப் பேசவில்லை. ஆனால் அதற்கு ஈடாக நாம் எதனைக் கைவிடுகிறோம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டுமல்லவா?

இதனை ஆரணிப் பகுதி மக்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. கைத்தறிப் பட்டின் பெயரைச் சொல்லி விசைத்தறிப் புடவையை விற்பவர்களால் தறிக்குழிகள் மூடப்பட்ட கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. நெசவாளரைக் காக்க 1985ஆம் ஆண்டில் கைத்தறிக்கென ரகங்களை ஒதுக்கும் சட்டம் வந்தது. முதலில் 22 ரகங்கள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11 ஆகக் குறைந்தன. "கைத்தறியை வாங்குங்கள், நெசவாளியை வாழவையுங்கள்" என்று ஊரெல்லாம் கேட்கிறோம். அவ்வாறு கேட்டுவிட்டு, பசி வந்ததும் விசைத்தறிக்கு ஒப்பான உணவுக்கடையைத் தேடிப் போவது என்ன நியாயம்? சமையற்காரருக்கென ஒதுக்கீட்டுச் சட்டம் ஏதுமில்லை. அவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு நம் சட்டைப்பைதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது கனமான மறுப்பு, ஒதுக்கித் தள்ளக்கூடியதன்று. 2021 செப்டம்பரில் ஆரணியில் ஓர் அசைவ உணவகத்தில் உண்ட பலர் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தனர். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா உண்ட பதினான்கு வயதுச் சிறுமி இறந்தாள். "இதற்குப் பிறகுமா உள்ளூர்க் கடையைப் பரிந்துரைக்கிறீர்கள்?" என்று ஒரு தாய் கேட்டால், அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது?

முதலில், அந்த அச்சம் நியாயமானது என்று ஒப்புக்கொள்கிறோம். "நம்மவர் கடை" என்பதற்காக அழுகிய இறைச்சியை மன்னிப்பது சகோதரத்துவம் அன்று, அநீதிக்குத் துணைபோவதாகும். ஆனால் பெரிய பலகை பாதுகாப்பின் உத்தரவாதம் என்பதும் உண்மையன்று. 1993இல் அமெரிக்காவில் ஜாக் இன் த பாக்ஸ் என்னும் சங்கிலித்தொடர் கடைகளின் சரியாக வேகாத இறைச்சியால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தனர். 2024இல் அதே நாட்டில் மெக்டொனால்ட்ஸ் பர்கரில் வைத்த வெங்காயத்தின் வழியே பரவியதாகக் கருதப்பட்ட கிருமியால் பல மாநிலங்களில் 104 பேர் பாதிக்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். சிறிய கடையின் தவறு ஒரு தெருவைத் தாக்குகிறது. பெரிய நிறுவனத்தின் தவறு ஒரே நாளில் பல ஊர்களைத் தாக்குகிறது.

ஆகவே வேறுபாடு அளவில் இல்லை. கேள்வி கேட்கும் வாய்ப்பில் இருக்கிறது. சங்கிலித்தொடர் கடையின் சமையலறைக்குள் நம்மால் நுழைய முடியாது. அங்கு நிற்கும் இளைஞனுக்கும் கோழி எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. நம் ஊர்க் கடைக்காரரோ ஜும்ஆவில் நம் ஸஃப்பிலேயே நிற்கிறார். அவரிடம் கேட்கலாம், அடுப்படியைப் பார்க்கலாம். அவ்வாறு செய்யாமல் இருந்தது யார் குற்றம்? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் தம் கையை நுழைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்தது என்று வணிகர் சொன்னபோது, மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். அவர்கள் அந்தக் கடைவீதியைப் புறக்கணித்துப் போய்விடவில்லை. உள்ளே கைவிட்டுப் பார்த்துத் திருத்தினார்கள். நமக்குரிய வழியும் அதுவே.

பிற்கால முஸ்லிம் நகரங்களில் ஹிஸ்பா என்னும் கடைவீதிக் கண்காணிப்பு ஒரு முறையான பதவியாகவே இருந்தது. அதற்கான கையேட்டை 12ஆம் நூற்றாண்டில் எழுதிய அஷ்ஷைஸரீ, சமையற்காரர்களுக்கும் உணவு விற்போருக்கும் தனி அத்தியாயங்களையே ஒதுக்கினார். அத்தகைய மரபுக்கு வாரிசுகளான நாம் கடையின் குளிரூட்டியைக்கூடத் திறந்து பார்ப்பதில்லை.

இனி ஜமாஅத்துகள் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வலீமாவுக்கும் விருந்துக்கும் ஏற்பாடு செய்யுமுன் சமையற்கூடத்தைப் பார்வையிடுங்கள். பச்சை இறைச்சியும் சமைத்த உணவும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளனவா, உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமம் அல்லது பதிவு இருக்கிறதா, நேற்றைய மிச்சம் இன்றைய சட்டியில் கலக்கிறதா என்று கேளுங்கள். சூடான உணவு 60 பாகைக்குக் குறையாமலும், குளிரில் வைப்பது 5 பாகைக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் சுடவைப்பதற்கு 2018 ஜூலை முதல் சட்டப்படி வரம்பு உண்டு. தூய்மையான கடை எதுவோ அதற்கே நம் விருந்தைக் கொடுப்போம். தவறியதைத் திருத்தச் சொல்வோம். திருந்தாததை விட்டு விலகுவோம்.

உணவக உரிமையாளர்களுக்கும் ஒரு சொல். "நம்மவர்" என்ற பாசத்தை முதலாக்கி வியாபாரம் செய்யாதீர்கள். பரிமாறும் பையனின் கூலியை இழுத்தடிக்காதீர்கள். பெண்களும் குழந்தைகளும் அமர இடம் இல்லை என்பதும், கழிவறை அசுத்தமாக இருப்பதும் உங்கள் வாடிக்கையாளரை நீங்களே அனுப்பிவைக்கும் வழிகள்.

இறுதியாக, புறக்கணிப்பைப் பற்றி. 2023 அக்டோபரில் இஸ்ரேலில் உள்ள மெக்டொனால்ட்ஸ் கடைகள் அந்நாட்டுப் படையினருக்கு இலவச உணவு வழங்கியபோது உலகெங்கும் முஸ்லிம்கள் அக்கடைகளைத் தவிர்த்தனர். விற்பனை பாதிக்கப்பட்டதைத் தலைமை நிறுவனமே ஒப்புக்கொண்டது; 2024 ஏப்ரலில் அங்குள்ள 225 கடைகளையும் தானே திரும்ப வாங்க உடன்பட்டது. நம் காசுக்கு வலிமை உண்டு என்பதற்கு இதுவே சான்று. ஆனால் ஒரு சங்கிலித்தொடரை விட்டு இன்னொன்றுக்குள் நுழைந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? "அங்கே போகாதே" என்பது பாதி அமல். "இங்கே வா" என்பதே மீதி.

அன்றைய கூட்டத்தில் நாம் அந்தப் பண்டாரியையே சமைக்கச் சொன்னோம். அடுப்படியைப் பார்க்க வருவோம் என்றும் சொன்னோம். அவர் முகம் சற்றும் மாறவில்லை. "தாராளமாக வாருங்கள், உஸ்தாத்" என்றார். பிள்ளைகள் ஒரே விரிப்பில் அமர்ந்து, இலையில் ஒரு பருக்கையும் மிச்சமின்றி உண்டனர். பீட்சா கேட்ட பிள்ளைதான் இரண்டாம் முறையும் இலையை நீட்டியது.

அல்லாஹ் நம் உணவை ஹலாலாகவும் தய்யிபாகவும் ஆக்கி, அதனைச் சமைப்போரின் கைகளிலும் இல்லங்களிலும் பரகத்தை இறக்கியருள்வானாக. ஆமீன்.